''எங்க சாமிக்கு எத்தனை ஹிட் பாயிண்ட்?'' - புதுக்கோட்டை கண்மாயில் ஒரு மான்ஸ்டர் செய்வது எப்படி?

மொட்டை மாடி, ஒரு எல்.இ.டி பல்பு, நாலு பேர், ஒரு பாக்கெட் மிக்சர். புதுக்கோட்டையில் நண்பன் வீட்டில் நான் முதன்முதலாக கேம் மாஸ்டராக உட்கார்ந்த ராத்திரி அது. 'நம்ம ஊர்க் கதையா இருந்தா கெத்தா இருக்குமே' என்று, பனங்காட்டில் குடியிருக்கும் ஒரு முனியை மான்ஸ்டராக வைத்திருந்தேன். வாயில் சுருட்டு, கையில் அரிவாள், 60 ஹிட் பாயிண்ட். மூன்றாவது ரவுண்டில் நண்பன் டைஸைக் கீழே வைத்துவிட்டான்.

''மாப்ள, எங்க சாமிக்கு எத்தனை ஹிட் பாயிண்ட் போட்டுருக்க?''

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிஞ்சுக்கக் கேட்டான். அவன் வீட்டுக் காவல் தெய்வம் முனீஸ்வரர். அவனுக்கு மொட்டை போட்டதும் காது குத்தியதும் அங்கேதான். ஆட்டம் அதோடு முடிந்தது.

மான்ஸ்டர் டிசைன் பற்றி யூடியூபில் எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றில் எதுவும் இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. நீங்கள் உங்கள் ஊரில், உங்கள் நண்பர்களுக்கு ஒரு மான்ஸ்டர் செய்யப்போகிறீர்கள் என்றால் இதை முதலில் படித்துவிடுங்கள்.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோடில் நாலு பசங்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டுவார்களே, அதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். ஒருவர் கதை சொல்லி (கேம் மாஸ்டர்), மற்றவர்கள் கதாபாத்திரங்கள். 'குகைக்குள்ள போறேன்', 'கதவை உடைக்கிறேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா, நடக்காதா என்பதை 20 முகம் கொண்ட டைஸ் முடிவு செய்யும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' எல்லாவற்றுக்கும் தாத்தா. டைஸ் இல்லையா? கூகுளில் 'ரோல் எ டி20' என்று தேடினால் போனிலேயே உருட்டலாம்.

பிளாஸ்டிக் பொம்மையில் பிறந்த பூதம்

'பால்டர்ஸ் கேட் 3' ஆடியவர்களுக்கு அவுல்பேர் தெரிந்திருக்கும். ஆந்தைத் தலை, கரடி உடம்பு. ஏதோ பழைய ஐரோப்பியப் புராணத்தில் இருந்து வந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 'டைனோசர்' என்று சொல்லி ஹாங்காங்கில் செய்து மலிவாக விற்ற பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட் ஒன்றை கைகாக்ஸ் வாங்கினார். அதற்குள் இருந்தவை டைனோசர் மாதிரியே இல்லை. எதன் மாதிரியும் இல்லை! தன் ஆட்ட மேஜையில் அவற்றுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவுல்பேர். அதே பாக்கெட்டில் இருந்து வந்த இன்னொன்று, ரஸ்ட் மான்ஸ்டர்.

இந்த ரஸ்ட் மான்ஸ்டரைக் கொஞ்சம் கவனியுங்கள். அது உங்களைக் கடித்துக் கொல்லாது. அதன் மீசை பட்டால் உங்கள் கத்தியும் கவசமும் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் பத்து வாரம் ஆடிச் சம்பாதித்த வாள் கண்ணெதிரே துருவாகும்போது ஆட்டக்காரர் போடும் சத்தம் இருக்கிறதே... டிராகனைப் பார்த்துக்கூட யாரும் அப்படி அலறியதில்லை. ஆட்டக்காரர் எதைப் பத்திரமாக வைத்திருக்கிறாரோ, அதன் மேல் கை வைக்கும் மான்ஸ்டர்தான் நினைவில் நிற்கிறது.

கொடும்பாளூர் யாளி சொல்லித்தரும் பாடம்

உறுப்புகளை ஒட்டி ஒரு மிருகம் செய்வதில் நமக்கு ஆயிரம் வருஷ அனுபவம் இருக்கிறது. விராலிமலைப் பக்கம் போனால் கொடும்பாளூர் மூவர் கோயிலை எட்டிப்பாருங்கள். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி 10-ம் நூற்றாண்டில் கட்டியது. மூன்று கோயில்களில் இப்போது இரண்டுதான் நிற்கின்றன. நிமிர்ந்து விமானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் குனிந்து அடித்தளத்தைப் பாருங்கள். யாளிகள் வரிசையாக நிற்கும். சிற்பிகள் அதை யாளி வரி என்பார்கள்.

யாளிக்குச் சிங்க உடம்பு. முகம் சில இடங்களில் சிங்கம், சில இடங்களில் யானை. பிற்கால நாயக்கர் பாணித் தூண்களில் அது பின்னங்காலில் எழுந்து நிற்கும். சிலவற்றின் வாய்க்குள் ஒரு கல் பந்து இருக்கும். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. சின்ன வயதில் அந்தப் பந்தை எடுக்க முயற்சி செய்யாதவர் யாராவது இருக்கிறீர்களா?

டிசைனராகப் பார்த்தால் இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, யாளியின் ஒவ்வொரு பாகமும் பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த மிருகம்தான். சேர்த்த இடம்தான் புதுசு. 'எட்டுக் கண், பன்னிரண்டு கை, உடம்பெல்லாம் கொம்பு' என்று நீங்கள் அடுக்கினால் எதிரில் இருப்பவர் மனதில் எதுவுமே தெரியாது. இரண்டு மிருகம் போதும். இன்னொன்று அந்தக் கல் பந்து. 'இதை எப்படி எடுக்கிறது?' என்று கையைத் துறுதுறுக்க வைக்கும் ஏதோ ஒன்று மான்ஸ்டரிடம் இருந்தே ஆக வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கோரைப் பல்லும் முட்டைக் கண்ணுமாக நிற்கும் அந்த யாளி கோயிலைத் தாக்க வரவில்லை. கோயிலுக்குக் காவல் நிற்கிறது.

கீரமங்கலம் அருகே குளமங்கலத்துக்குப் போனால் இது இன்னும் பெரிதாகப் புரியும். வில்லுன்னி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். வாசலில் 33 அடி உயரக் குதிரை, முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற நிலையில் நிற்கிறது. ஆசியாவிலேயே பெரிய குதிரைச் சிலை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். இருட்டில் பைக் ஹெட்லைட் வெளிச்சத்தில் முதல்முறை பார்த்தால் வயிறு ஒரு நிமிஷம் கலங்கும். மாசி மகத்துக்கு மக்கள் அந்தக் குதிரையின் உயரத்துக்குக் காகித மாலை கட்டி வண்டி வண்டியாகக் கொண்டுவந்து போடுகிறார்கள். நம் பக்கத்தில் பயங்கரமான முகம் பெரும்பாலும் நம் கட்சிதான். ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்பவர் நமக்காக நிற்கிறார்.

நான் அன்று சறுக்கியது இங்கேதான். வெளிநாட்டு ரூல்புக்கில் 'பார்க்கப் பயமா இருக்கா? அப்ப வில்லன்' என்று ஒரு கணக்கு ஓடுகிறது. அதே கணக்கை எடுத்துவந்து முனி மேல் போட்டுவிட்டேன்.

ராட்சசனுக்குப் புலித்தலை வந்த கதை

இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை. 1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் ராட்சசன் இருக்கிறார். எப்படி? புலித்தலை, உள்ளங்கை பின்பக்கமாகத் திரும்பியிருக்கும், மந்திரித்த அம்பு பட்டால் காலி. 1974-ல் ஒளிபரப்பான 'கோல்சாக்' என்ற அமெரிக்க சீரியலின் ஓர் எபிசோடில் இருந்து கைகாக்ஸ் இதைப் பிடித்தார். வீணை வாசிக்கும் இலங்கை வேந்தனைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் புலியைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். 1980-ல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போய் இந்திரன், அக்னி, காளி, விஷ்ணு எல்லோருக்கும் ஹிட் பாயிண்ட், ஆர்மர் கிளாஸ் போட்டு அட்டவணையாக அச்சடித்தது. கிரேக்கக் கடவுள்களுக்கும் அதே மரியாதைதான். ஆனால் ஜூயஸுக்கு இன்று யாரும் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பதில்லையே!

நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. 2022-ல் வெளியான 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பில், வங்க மண்ணின் சாயலோடு ஒரு கதையை எழுதியவர் இந்திய எழுத்தாளர் மிமி மண்டல். அந்த நிலத்தையும் சாப்பாட்டையும் நேரில் தெரிந்தவர் எழுதுவதற்கும், சீரியல் பார்த்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தமிழ் மண்ணுக்கு அப்படி ஒன்றை நீங்கள் எழுதலாம். விதிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். இலவசமாக டவுன்லோடு செய்து, மாற்றி, உங்கள் பெயரிலேயே வெளியிடலாம். 'எஸ்.ஆர்.டி 5.1' என்று தேடுங்கள்.

சாமி வேண்டாம் என்றால் வேறு என்ன இருக்கிறது? ஏராளமாக இருக்கிறது. கொள்ளிவாய்ப் பிசாசு இருக்கிறது, புதையல் காக்கும் பூதம் இருக்கிறது. ஆனாலும் ஆட்டம் தொடங்கும் முன், 'எது வரக் கூடாது?' என்று மேஜையில் இருக்கும் எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கி 'செஷன் ஜீரோ' என்கிறார்கள். நமக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்ட ஊர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. ஆலங்குடிப் பக்கத்து நண்பர் மேஜையில் இருந்தால் புயல் பூதத்தை யோசித்துக் கொண்டுவாருங்கள்.

இனி வேலையில் இறங்குவோம்: மடைவிழுங்கி

என் இரண்டாவது மான்ஸ்டரின் பெயர் மடைவிழுங்கி. அதை எப்படிச் செய்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் என் சொந்தக் கற்பனை, எந்த ஊர்க் கதையிலும் தேடாதீர்கள்.

இடத்தில் இருந்து தொடங்கினேன். புதுக்கோட்டையில் பெரிய ஆறு இல்லை; கண்மாய்தான் உயிர். பழைய கண்மாய்களில் நீருக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழித் தூம்பு. அடியில் கல்லில் துளைகள். மேலே உள்ள நீரோடித் துளை வழியாகத் தண்ணீர் போகும், கீழே உள்ள சேறோடித் துளை வழியாக வண்டல் போகும். திறக்க வேண்டும் என்றால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி அடைப்பை எடுக்க வேண்டும். இருட்டு, சேறு, மூச்சு முட்டல், ஊர் முழுக்கக் கரையில் காத்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் பாதாளச் சிறை, பேய்க்கோட்டை என்று தேடி அலைகிறார்கள். நமக்கு வயலுக்குப் பின்னாலேயே ஒன்று கிடக்கிறது!

உருவத்துக்கு யாளிக் கணக்கு. உடும்பு உடம்பு, கெளுத்தி மீன் வாய். உடும்புப் பிடி என்றால் என்ன என்று நம்மூரில் விளக்க வேண்டியதில்லை. கெளுத்தி முள் குத்தினால் எப்படி வலிக்கும் என்று கண்மாயில் மீன் பிடித்த யாரையும் கேட்கலாம். இரண்டு விஷயமும் ஆட்டக்காரருக்கு உடம்பிலேயே தெரியும், நான் வர்ணிக்க வேண்டிய அவசியமே இல்லை. (நிஜ உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம். கதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!)

அடுத்து கணக்கு. பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். என் மேஜையில் நாலு பேர், மூன்றாம் லெவல். ஒவ்வொருவரும் டைஸில் 5 கூட்டிக்கொள்வார்கள். மான்ஸ்டரின் ஆர்மர் கிளாஸ் 13 என்றால் டைஸில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 20-ல் 13 வாய்ப்பு, 65 சதவிகிதம். ஒரு வாள் வீச்சின் சராசரி சேதம் 7.5. நாலு பேர் சேர்ந்து ஒரு ரவுண்டுக்கு 4 x 7.5 x 0.65, அதாவது 19.5. சண்டை நாலு ரவுண்டு நீடித்தால்தான் சுவாரஸ்யம். அதனால் ஹிட் பாயிண்ட் 80 என்று வைத்தேன். குறைந்தால் இரண்டாவது ரவுண்டில் படுத்துவிடும். 150 வைத்தால் எல்லோரும் போனை எடுத்து இன்ஸ்டா பார்க்க ஆரம்பிப்பார்கள்.

தனி மான்ஸ்டருக்கு ஒரு பிரச்னை உண்டு. எதிரில் நாலு பேர், நாலு முறை அடிப்பார்கள். இது ஒரு முறைதான் திருப்பி அடிக்கும். அதனால் மற்றவர்களின் முறைகளுக்கு நடுவிலும் மான்ஸ்டர் ஏதாவது செய்ய வேண்டும். 2014 பதிப்பில் இதற்கு 'லெஜண்டரி ஆக்‌ஷன்' என்று பெயர். மடைவிழுங்கி ஒவ்வொருவர் முறை முடிந்ததும் வாலால் சேற்றைக் கலக்கும், அவ்வளவுதான். ஆனால் கலங்கிய தண்ணீரில் அடுத்தவருக்கு எதுவும் தெரியாது. கடியின் சராசரி சேதம் 9. கடித்தால் விடாது, தண்ணீருக்குள் இழுக்கும். புத்தக விதிப்படி ஒரு ஆள் நிமிஷக்கணக்கில் மூச்சடக்கலாம். அதில் என்ன பதற்றம் இருக்கிறது? என் மேஜையில் மூன்று ரவுண்டுதான்.

அடுத்த பாடத்தை வாடிவாசலில் எடுத்தேன். தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடப்பது இந்த மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான். அங்கே காளையைப் பயங்கரமாக்குவது கொம்பு மட்டுமில்லை, விதி. வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது, திமிலை மட்டும்தான். ஒரு காளைக்கு ஒரு ஆள். மூன்று துள்ளலோ, எல்லைக்கோடோ, அதுவரை தொங்க வேண்டும். யாரும் காளையைக் கொன்று ஜெயிப்பதில்லை. அதையே மேஜைக்குக் கொண்டுவந்து பாருங்கள். 'எதைச் செய்யக் கூடாது' என்று ஒரே ஒரு விதி போட்டால் போதும், 80 ஹிட் பாயிண்ட் தானாக 200 மாதிரி கனக்கும்.

மடைவிழுங்கிக்கு நான் போட்ட விதி இது. ஊர்க்காரர்கள் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, 'மடையில ஏதோ படுத்திருக்கு, வயலுக்குச் சொட்டுத் தண்ணி வரல, கொன்னுடுங்க' என்கிறார்கள். முங்கிப் பார்த்தால்தான் தெரியும், தூம்பின் அடிக்கல் உடைந்து கிடக்கிறது. அந்த ஓட்டையில் தன் உடம்பைத் திணித்துக்கொண்டு அது படுத்திருக்கிறது. அது அடைப்பு. 80-ல் இருந்து 60-க்கு இறங்கும்போது கண்மாயில் ஒரு அடித் தண்ணீர் இறங்கும். 40-ல் கரை அதிரும். 20-ல் கரையில் விரிசல் விழும். பூஜ்ஜியம் ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய் காலி. வயல் முழுகிவிடும், அப்புறம் வருஷம் பூரா வறட்சி. ஆட்டக்காரர்கள் வெட்ட வெட்ட ஜெயிக்கிறார்கள், ஜெயிக்க ஜெயிக்க ஊர் தோற்கிறது. இதை நான் வாயால் சொல்லக் கூடாது. 'தண்ணி முழங்காலுக்கு இறங்கியிருச்சு' என்று மட்டும் சொல்வேன். அவர்களாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது நான் எந்த மான்ஸ்டர் செய்தாலும் தாளில் முதல் வரியாக 'இது யாரைக் காக்குது?' என்று எழுதிக்கொள்கிறேன். பல்லும் நகமும் அதற்குப் பிறகுதான்.

சத்தமும் வாசனையும்

கடைசியாக ஒன்று. மேஜையில் கிராபிக்ஸ் கிடையாது, உங்கள் வாய்தான் ஸ்கிரீன். மான்ஸ்டரை மொத்தமாகக் காட்டிவிடாதீர்கள். நான் மீன்பிடித் திருவிழாவில் கதையைத் தொடங்கினேன். கோடையில் கண்மாய் வற்றும்போது பொன்னமராவதி, இலுப்பூர்ப் பக்கமெல்லாம் நடக்குமே, அதுதான். விடியற்காலை கரை முழுக்க ஊத்தாவும் வலையுமாக ஜனம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுகிறார். எல்லோரும் 'ஹோ'வென்று இறங்குகிறார்கள். ஒரே ஒரு ஊத்தா மட்டும் குத்திய இடத்தில் இருந்து வரமாட்டேன் என்கிறது. இழுத்தால் பாதி ஊத்தாதான் வருகிறது.

அவ்வளவுதான் சொன்னேன். நாலு பேரும் மிக்சரை மறந்துவிட்டார்கள்.

அன்றைக்கு டைஸைக் கீழே வைத்த அதே நண்பன்தான் இந்த முறையும் முதலில் முங்கினான். 49 ஹிட் பாயிண்டில் தண்ணீர் இறங்குவதைக் கவனித்து, 'எல்லாரும் நிறுத்துங்கடா' என்று கத்தியதும் அவன்தான். அப்புறம் அரை மணி நேரம் சண்டையே இல்லை. உடைந்த தூம்புக்கு மாற்றுக்கல் எங்கே எடுப்பது, அதை யார் முங்கி வைப்பது, வைக்கும்வரை அதை அசையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் பேச்சு. ஒருவன் நார்த்தாமலையில் கல் உடைத்து வரலாம் என்றான். இன்னொருத்தி கலிங்கு கல்லையே பெயர்க்கலாம் என்று சொல்லி எல்லோரிடமும் திட்டு வாங்கினாள்.

கல் உட்கார்ந்ததும் மடைவிழுங்கி மெல்ல நகர்ந்து கண்மாய் நடுவுக்குப் போனது. அதற்கு 49 ஹிட் பாயிண்ட் மிச்சம் இருந்தது. யாரும் துரத்தவில்லை. ''அடுத்த வாரமும் அது அங்கதான இருக்கும்?'' என்று கேட்டுக்கொண்டே நண்பன் படியிறங்கினான்.